‘நல்லாத்தான் இருந்தேன்’ என்கிற அந்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி:

எனக்கு வயது 32. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கல்லூரி இரண்டாம் ஆண்டில், 19 வயதில், முதல்முறையாக டிப்ரெஷன் வந்தது. குழந்தை பிறந்த மூன்றாவது வாரம் வந்ததையும் சேர்த்து இதுவரை ஐந்து தடவை. வந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்குவேன், எழுந்தாலும் கைகாலில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கனக்கும், பசி இல்லாமலே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். மாத்திரை சாப்பிட்டால் சில மாதங்களில் சரியாகும், நானே நிறுத்திவிடுவேன். இந்த வருடம் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். மூன்றாவது வாரம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது, மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அதிலிருந்து பத்து நாள் தினமும் மூன்று மணி நேரத் தூக்கம்தான், களைப்பே இல்லை. முறுக்கும் அதிரசமும் போட்டு ஆர்டர் எடுத்து விற்கலாம் என்று வளையலை அடகு வைத்து மாவு மெஷின் வாங்கினேன். குறுக்கே பேசிய மாமியாரை எடுத்தெறிந்து பேசிவிட்டேன். அப்புறம் மறுபடியும் படுக்கை. இப்போது பார்த்த வேறு மருத்துவர் இது பைபோலார் என்று சொல்லி, பழைய மாத்திரையைக் குறைத்து, லித்தியம் எழுதிக்கொடுத்திருக்கிறார். மூன்று வாரமாகச் சீட்டு கைப்பையிலேயே இருக்கிறது. எனக்கு வந்ததெல்லாம் அழுகைதான், நான் எப்படி பைபோலார்? கல்லூரி இறுதியாண்டில் ஒரு வாரம் தூங்காமல் உட்கார்ந்து அறைத் தோழிகள் மூன்று பேருடைய ரெக்கார்டு நோட்டையும் எழுதிக்கொடுத்தவள் நான், இயல்பாகவே அவ்வளவு சுறுசுறுப்பு. பதின்மூன்று வருடமாக டிப்ரெஷன் என்று சொன்னது தப்பா? பத்து நாள் சந்தோஷமாக இருந்தது ஒரு நோயா? அப்பாவின் தம்பி ஒருவர் ஏதேதோ தொழில் ஆரம்பித்து, கடன்பட்டு, வீட்டைவிட்டே போய்விட்டார். என் மகளுக்கும் இது வருமா? சில நாள் விடியாமலே இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுவதை உங்கள் கணவரிடமோ அம்மாவிடமோ இன்றைக்கே, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ராத்திரியில் அந்த எண்ணம் கூடினால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எப்படிச் செய்துகொள்வது என்கிற அளவுக்கு யோசனை போய்விட்டால் போனோடு நிற்காமல் நேராகப் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சீட்டு எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே மறுபடி பாருங்கள். பழைய மாத்திரையை இப்போது என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் அதைத்தான் அவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க எனக்கு அதிகாரமும் இல்லை, வழியும் இல்லை. ஆனால் அந்த மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. முறுக்கு மெஷினைப் பெரிய விஷயமாக எழுதியிருக்கிறீர்கள், நான் மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்தது அதை இல்லை. போகிற போக்கில் எழுதிய அந்த ரெக்கார்டு நோட்டு வரியைத்தான்.

ஒருவர் துயரத்தில் இருக்கும்போது மட்டும் பார்த்தால், அது வெறும் மனச்சோர்வா, மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி மேலே ஏறி, இன்னொரு சமயம் கீழே விழும், பைபோலார் என்று நாங்கள் சொல்லும் இருதுருவ மனநிலைக் கோளாறின் கீழ்ப்பாதியா என்று எந்தக் கெட்டிக்கார மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அழுகை, குற்ற உணர்ச்சி, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, குளிக்கப் போவதே மலை ஏறுவதாகத் தோன்றுவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் இருப்பது நடுவில் வந்த ‘நல்ல’ நாட்களில். அந்த நாட்களில் யாரும் எங்களிடம் வருவதில்லை, உடம்பும் மனசும் பறந்துகொண்டிருக்கும்போது எதற்கு டாக்டர்? திரும்ப விழுந்த பிறகுதான் வருகிறார்கள், வந்து விழுந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறார்கள், நாங்களும் அதையே கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

என் அறையில் நடந்ததையே சொல்கிறேன். லேத் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர், மூன்று தடவை டிப்ரெஷனோடு வந்தவர். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், எப்போதாவது அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்ததுண்டா என்று. இல்லை டாக்டர், நடுவுல நல்லாத்தான் இருந்தேன் என்பார். நாலாவது முறை அவருடைய அம்மா கூட வந்திருந்தார். நான் கேள்வியை மாற்றி, இவர் ராத்திரி தூங்காமல் வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “நாலஞ்சு ராத்திரி லைட்டைப் போட்டுக்கிட்டு வீடு பூரா வெள்ளையடிச்சானே, ஏண்டான்னு கேட்டா கத்துறான்” என்றார். மகன் உடனே, “அது பொங்கலுக்கு அடிச்சதும்மா” என்றார். அந்த அம்மா சொன்னார், “பொங்கல் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுடா அப்ப.”

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நோயாகவே தெரியவில்லை, தான் தானாக இருந்த நாட்களாகத்தான் நினைவிருந்தது. அன்றிலிருந்து, கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்காமல் நான் ‘டிப்ரெஷன்’ என்று மட்டும் எழுதி அனுப்புவதில்லை.

இது எவ்வளவு எளிதாகத் தவறிப்போகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் பைபோலாரின் இரண்டாம் வகை, அதாவது மேலே ஏறுவது மிதமாக மட்டும் இருக்கும் வகை, உள்ள 86 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கவனித்து, மனநிலை எந்த வாரம் எப்படி இருந்தது என்று வாரக்கணக்கில் குறித்து, 2003இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்த வாரங்களில் பாதி மனச்சோர்விலேயே கழிந்திருந்தது. மேலே ஏறிய வாரங்கள் நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் ‘எனக்கு வந்ததெல்லாம் அழுகைதான்’ என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். இரண்டாம் வகை பைபோலார் உள்ள யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பதின்மூன்று வருடமாகச் சொன்னது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். 19 வயதில் உங்களுக்கு வந்தது டிப்ரெஷன்தான், பார்த்தவர் சரியாகத்தான் சொன்னார். இந்த நோய் நிறைய பேருக்கு மனச்சோர்வாகத்தான் தொடங்குகிறது, மேல்நோக்கிய முதல் எழுச்சி வர வருடங்கள் ஆகலாம். அது வராதவரை பெயர் வைக்க வழியில்லை. ஆனால் பிற்பாடு, ஐந்து முறை விழுந்து எழுந்த ஒருவரிடம் இடைப்பட்ட நாட்களைப் பற்றி யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டு பைபோலார் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நூற்றுக்கு 69 பேருக்கு முதலில் வேறு நோயின் பெயர்தான் சொல்லப்பட்டிருந்தது, பெரும்பாலும் டிப்ரெஷன். மூன்றில் ஒருவருக்கு மேல் சரியான பெயர் கிடைக்கப் பத்து வருடமோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். மருத்துவ உலகமே இந்த இரண்டையும் ஒரே நோயாகத்தான் ரொம்ப காலம் பார்த்தது. கார்ல் லியோன்ஹார்ட் என்ற ஜெர்மன் மருத்துவர்தான் 1957இல் ஒரே பக்கம் சாய்கிறவர்கள் வேறு, இரண்டு பக்கமும் போகிறவர்கள் வேறு என்று பிரித்து எழுதினார். 1966இல் சுவிட்சர்லாந்தில் யூல்ஸ் ஆங்ஸ்ட்டும் ஸ்வீடனில் கார்லோ பெர்ரிஸும் குடும்ப வரலாறுகளை வைத்துத் தனித்தனியே அதை உறுதிசெய்தார்கள். இப்போது எல்லோரும் சொல்லும் பைபோலார் என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான்.

அடுத்து, சந்தோஷமாக இருந்தது நோயா? இந்தக் கேள்விக்குள் ஒரு பயம் இருக்கிறது, இனிமேல் சிரித்தால்கூட நோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று. சொல்ல மாட்டார்கள். உங்கள் மகள் மேடையில் ஆடிப் பரிசு வாங்கிய ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது சந்தோஷம். அதற்குக் காரணம் உண்டு, ஓரிரு நாளில் அடங்கும், அடுத்த நாள் கண் எரியும், யாராவது ‘போதும், படு’ என்றால் படுப்பீர்கள். நீங்கள் எழுதிய பத்து நாள் அப்படியில்லை. அதில் நான் முதலில் பார்ப்பது தூக்கத்தை. மனச்சோர்விலும் தூக்கம் கெடும், ஆனால் அங்கே தூக்கத்துக்கு ஏங்குவார்கள், வராது, பகலில் செத்துப்போன மாதிரி இருக்கும். இங்கே தூக்கமே தேவைப்படுவதில்லை. மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, பத்து மணி நேரம் தூங்கியவரைவிடத் தெம்பாக வீட்டை வலம் வருவார்கள். கூடவே பேச்சு கூடும், மனசில் யோசனை ஒன்றை ஒன்று முந்தும், கையில் இருக்கும் காசைப் பற்றிய பயம் போய்விடும், தடுத்தால் சுள்ளென்று கோபம் வரும். எல்லோருக்கும் அது ஆனந்தமாக வருவதில்லை, சிலருக்கு எரிச்சலாகத்தான் வரும், அவர்களைத்தான் வீட்டில் ‘திமிர் பிடிச்சுப்போச்சு’ என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மாமியாரிடம் நீங்கள் பேசியதை உங்கள் குணமாக எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள், அதற்காக இன்னும் அழுதுகொண்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படித் தொடர்ந்து நான்கு நாளாவது இருந்து, மற்றவர்கள் கண்ணுக்கும் மாற்றம் தெரிந்து, ஆனாலும் வேலையும் வீடும் ஓடிக்கொண்டிருந்தால் ஹைப்போமேனியா என்கிறோம். ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்து, வாழ்க்கையையே புரட்டிப்போட்டால், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தால், அல்லது இல்லாத குரல் கேட்க ஆரம்பித்தால் அது மேனியா. மேனியா வந்தவர்களுக்கு முதல் வகை பைபோலார், ஹைப்போமேனியாவோடு மனச்சோர்வும் வந்தவர்களுக்கு இரண்டாம் வகை. காலையில் சிரித்துச் சாயங்காலம் அழுவதையெல்லாம் இப்போது இணையத்தில் பைபோலார் என்று சொல்கிறார்கள், அது தவறு. இந்த நோயில் மனநிலை மணிக்கணக்கில் மாறுவதில்லை, நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே திசையில் நிற்கும்.

மாத்திரையின் அளவைக் கூட்டியதால்தானே அந்தப் பத்து நாள் வந்தது, அப்படியானால் அது மாத்திரையின் வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. மனச்சோர்வு மாத்திரை சிலரை இப்படி மேலே தள்ளும். மாத்திரையின் தாக்கம் உடம்பை விட்டுப் போன பிறகும் அதே நிலை நீடித்தால் அதை பைபோலார் கணக்கில் சேர்க்கலாம் என்பது இப்போதைய விதி, சேர்க்காமல் எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதனால்தான் அந்த ரெக்கார்டு நோட்டு எனக்கு இவ்வளவு முக்கியம். அந்த ஒரு வாரம் நீங்கள் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? பரீட்சை அவசரத்தில் விழித்திருந்து மறுநாள் சாய்ந்துவிட்டீர்களா, அல்லது களைப்பே தெரியாமல் ஒரு வாரம் ஓடியதா? தோழிகள் ‘என்னடி ஆச்சு உனக்கு’ என்று கேட்டார்களா? அதற்கடுத்த வாரங்கள் எப்படி இருந்தன? அந்தத் தோழிகளில் ஒருவரோடு இன்னும் பேச்சு இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கிடைக்கும் பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை இல்லாத காலத்தில் அப்படி ஒரு வாரம் வந்தது உறுதியானால் அவருக்கு மெஷின் கதையே தேவைப்படாது.

உங்கள் கடிதத்தில் இன்னும் சில தடயங்கள் இருக்கின்றன. 25 வயதுக்கு முன்பே ஆரம்பித்தது, திரும்பத் திரும்ப வந்தது, பிரசவத்தையொட்டி வந்தது, தூக்கமும் சாப்பாடும் குறைவதற்குப் பதில் கூடியது, கைகால் கனத்தது, உங்கள் சித்தப்பாவின் கதை. இவற்றில் எதையும் தனியாக எடுத்துக்கொண்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஒரே பக்கம் சாயும் சாதாரண மனச்சோர்விலும் இதெல்லாம் உண்டு. ஒன்றாகச் சேரும்போதுதான் மருத்துவரின் காது நிமிரும். சித்தப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா? நம் குடும்பங்களில் இப்படிப் போனவர்களைப் ‘பொறுப்பில்லாதவன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், டாக்டரிடம் சொல்லக்கூடத் தோன்றுவதில்லை.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது, அப்படி யாராவது சொன்னால் காசைச் செலவழிக்காதீர்கள். தைராய்டு மட்டும் பார்த்துவிட வேண்டும், அது கூடினாலும் குறைந்தாலும் மனநிலையைக் குழப்பும். வீசிங்குக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால், அல்லது பெயரில்லாத பொட்டலத்தில் ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன, மாத்திரைதானே என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைப் பொறுத்துத்தான் மாத்திரை மாறுகிறது. பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் சிலருக்கு அது வேலை செய்யாது, சிலரை மேலே தள்ளும், சிலரை இரண்டும் கலந்த நிலைக்குக் கொண்டுபோகும். உள்ளே அதே இருட்டு, உடம்பில் மட்டும் பரபரப்பும் வேகமும். நான் மிகவும் பயப்படுவது இந்த நிலைக்குத்தான், சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு அதைச் செய்யும் தெம்பும் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மருத்துவர் பழைய மாத்திரையைக் குறைத்து லித்தியத்தைச் சேர்த்த கணக்கு இதுதான். பழையதை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அவர் சொன்ன வேகத்தில் குறையுங்கள்.

லித்தியம் என்றதும் நீங்கள் பயந்திருப்பது புரிகிறது. அது பூமியில் கிடைக்கும் ஓர் உப்பு. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், மேனியாவில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துக் கிடைத்த பலனை எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்தும் அது இன்னும் முதல் வரிசையிலேயே இருக்கிறது, தற்கொலையைத் தடுப்பதில் அதற்கு இருக்கும் அளவுக்கு ஆதாரம் வேறு எந்த மனநிலை மாத்திரைக்கும் இல்லை. ஆனால் அது கண்காணிப்போடு சாப்பிட வேண்டிய மருந்து. ஆரம்பிக்கும் முன் சிறுநீரகம், தைராய்டு, கர்ப்பம் மூன்றையும் பார்ப்பார்கள், ஆரம்பித்து ஒரு வாரத்தில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும், அதனால் அக்னி நட்சத்திர வெயிலில் நடக்கும்போதும், நாள் முழுக்க விரதம் இருக்கும்போதும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கும்போதும் கவனம் வேண்டும். தலைவலி, முதுகுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ கேட்டு வாங்காதீர்கள், அவையும் அளவை ஏற்றும், பாராசிட்டமால் போதும். கை லேசாக நடுங்கலாம், தாகம் எடுக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், அடுத்த முறை சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, கை பெரிதாக ஆடுவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

லித்தியம் ஒத்துவராவிட்டால் குவெட்டியபின், லாமோட்ரிஜின் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. வால்ப்ரோயேட் என்ற மாத்திரையை மட்டும் யாராவது எழுதினால், குழந்தை பெறும் வயதில் இருக்கிறேன் என்று சொல்லி, வேறு வழி உண்டா என்று கேளுங்கள், அது வயிற்றில் இருக்கும் குழந்தையின் உடலையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் லித்தியத்துக்கும் அதே மாதிரி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பைபோலார் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்து முதல் பத்து வரை, பொதுவாக மக்களில் நூற்றில் ஒருவர். கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது வருவதில்லை என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. வந்தாலும், என்ன என்று பதின்மூன்று வருடம் தெரியாமல் தவிக்கும் நிலை அவளுக்கு இருக்காது, வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பள்ளியில் சொல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் இருக்க வேண்டியது. கணவரிடம் மட்டும் மறைக்காதீர்கள், அடுத்த முறை அவரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். வளையலை மீட்பதைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கும்போதே, இனி அடகு, கடன், பெரிய கொள்முதல் எதுவானாலும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் களைப்பு இல்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடும் உரிமையை அவருக்குக் கொடுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள்.

சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கும் இல்லையா, அதே கட்டத்தின் மூலையில் தினமும் இரண்டு எண் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனசு எப்படி இருந்தது. மனசுக்குச் சாதாரண நாள் 0, கீழே போனால் −1, −2, −3, மேலே போனால் +1, +2, +3. மாதவிலக்கு தேதியையும், ஆண்டுவிழா ஒத்திகை, விடைத்தாள் திருத்தம், ராத்திரிப் பயணம் போன்றவற்றையும் குறித்துவிடுங்கள், தூக்கம் கெடுவது எந்த இடத்தில் என்று அதில் தெரிந்துவிடும். பெரிய செலவில்லாத வேலை, ஆனால் இரண்டு மாதத் தாளைக் கிழிக்காமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் அரைமணி நேரம் பேசினாலும் கிடைக்காத விவரம் உங்கள் மருத்துவருக்குக் கிடைக்கும். அவர் சொன்னது சரியா என்பதில் சந்தேகம் தொடர்ந்தால் அதே தாளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள், அங்கே மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும்.

லித்தியம் அளவு பார்க்கும் அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டிருந்தால் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுங்கள், பன்னிரண்டு மணி நேர இடைவெளி இருந்தால்தான் அந்த எண்ணை நம்ப முடியும். காலையிலும் மாத்திரை உண்டென்றால் அதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.